பட்டறைப் பக்கம்: பழைய படகு மோட்டாருக்கு எந்த பிளக்?

கேள்வி: ஐயா, காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் குழுவில் நானும் ஒருவன். காசிமேட்டில் பழையதாக வாங்கிய இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை ஃபைபர் படகில் மாட்டி ஓட்டுகிறோம். மூடியில் ஜான்சன் என்ற பெயரும் 25 என்ற எண்ணும் மட்டுமே தெரிகின்றன. கீழ்ச் சிலிண்டரின் பிளக் அடிக்கடி கரி பிடித்து நனைந்துவிடுகிறது. அப்போது என்ஜின் ஒற்றைச் சிலிண்டரில்தான் ஓடுகிறது. கழற்றிப் பார்த்ததில் மேல் பிளக்கில் பி7எச்எஸ் என்றும் கீழ் பிளக்கில் பி6இஎஸ் என்றும் பொறித்திருந்தது. கீழ் பிளக்கில் கூடுதலாக இரண்டு வாஷர்களும் இருந்தன. டூவீலர் உதிரிபாகக் கடையில் கேட்டால், "மரை ஏறினால் போதும், வேலூர் வெயிலுக்குக் கூல் பிளக்காகப் போடுங்கள்" என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கரி அன்று, அந்த இரண்டு வாஷர்கள். பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனத்தின் குறியீட்டில் முதலில் வரும் பி என்ற எழுத்து, மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. எண்ணுக்குப் பின் வரும் எழுத்து மரையின் நீளத்தைக் குறிக்கிறது. எச் என்றால் 12.7 மி.மீ., இ என்றால் 19 மி.மீ. விட்டம் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே துளையில் ஏறிவிடும். ஆனால் நீள பிளக், குட்டை பிளக்குக்கான ஹெட்டில் (சிலிண்டரின் தலைப்பகுதியில்) 6 மி.மீ.க்கும் மேல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை அறிந்த யாரோ ஒருவர்தான் வாஷர்களை அடுக்கி ஈடுகட்டப் பார்த்திருக்கிறார். இரண்டு வாஷர்கள் அந்த இடைவெளியை முழுவதும் அடைக்க மாட்டா. நீட்டிய பிளக்கில் பிஸ்டன் மோதலாம். மோதாவிட்டாலும், உள்ளே நீட்டி நிற்கும் மரையில் கரி இறுகி, கழற்றும்போது ஹெட்டின் அலுமினிய மரையை அறுத்துக்கொண்டு வரும். ஆகவே புதிய பிளக் வாங்குவதற்கு முன்பே, டார்ச் விளக்கை அடித்துக் கீழ்ப் பிஸ்டனின் தலையில் அடிபட்ட தடம் உள்ளதா என்று பாருங்கள். கழற்றிய பிளக்கின் வளைமுனை நசுங்கி நடுமுனையோடு ஒட்டியிருந்தால் பிஸ்டன் அதைத் தட்டியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இதிலிருந்து மேலே உள்ள பி7எச்எஸ்தான் சரியானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கைமாறி வந்த என்ஜினில் இருக்கும் பிளக், முந்தைய உரிமையாளருக்கு அன்று கடையில் எது கிடைத்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உண்மையான எண் என்ஜினின் மாடல் எண்ணில்தான் தொடங்குகிறது. படகின் பின்பலகையில் மோட்டாரைக் கவ்விப்பிடிக்கும் தாங்கியில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். பெயின்ட் பூசி மறைத்திருந்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 1980 முதல் ஆண்டை மறைமுகமாக எழுத்துகளில் குறித்தார்கள். இன்ட்ரோட்யூசஸ் (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளில் முதல் ஒன்பதும் வரிசையாக 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்து 0 ஆகவும் கொள்ளப்படும். மாடல் எண்ணின் ஈற்றில் சி, இ என்ற எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது 89, அதாவது 1989ஆம் ஆண்டு மாதிரி. அவற்றுக்குப் பின்னே தனியாக நிற்கும் ஓர் எழுத்து ஆண்டைச் சேர்ந்ததன்று, திருத்தப் பதிப்பைக் குறிப்பது.

மாடல் எண்ணும் ஆண்டும் கிடைத்தபின், அந்த மாதிரிக்கான சர்வீஸ் கையேட்டையோ பிளக் நிறுவனங்களின் படகு மோட்டார் பட்டியலையோ பார்ப்பதுதான் நேர்வழி. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைத் தயாரித்த பழைய நிறுவனம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் நொடித்துப்போனது. அதை வாங்கி நடத்தியவர்களும் 2020இல் அவுட்போர்டு உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எனவே கம்பெனி ஷோரூமில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் குடும்பத்தின் பல டூ-ஸ்ட்ரோக் மாதிரிகளுக்குச் சாம்பியன் நிறுவனத்தின் எல்77ஜேசி4 வகை பிளக் குறிப்பிடப்பட்டது. இன்னும் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு ஜே6சி வகை. சாம்பியன் குறியீட்டில் ஜே என்பது 9.5 மி.மீ. மரை, எல் என்பது 12.7, என் என்பது 19; மூன்றும் 14 மி.மீ. விட்டம்தான். மரை ஏறினால் போதும் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, கடைக்காரர் சொன்ன கூல் பிளக்கைப் பற்றி. ஹாட் பிளக் என்ஜினைச் சூடாக்கும், கூல் பிளக் என்ஜினைக் குளிர்விக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. இந்த வேறுபாடு பிளக்கின் மூக்கு, அதாவது உள்ளே இருக்கும் பீங்கான் முனை, தான் வாங்கிய சூட்டை எவ்வளவு விரைவாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைப் பற்றியது மட்டுமே. பீங்கான் நீளமாக இருந்தால் சூடு மெல்ல இறங்கும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் விரைவாக இறங்கும், அது கூல் பிளக். முனையின் வெப்பம் சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்துபோகும். சுமார் 850 டிகிரியைத் தாண்டினால், தீப்பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே முனையை நிறுத்துவதற்காகத்தான் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு சூட்டு எண் குறிக்கப்படுகிறது. நம் ஊர் வெயில் 42 டிகிரியைத் தொட்டாலும் இந்தக் கணக்கில் அதன் பங்கு மிகச் சிறியது. அதிலும் உங்கள் என்ஜினின் ஹெட்டைக் குளிர்விப்பது காற்று அன்று, ஏரித் தண்ணீர்.

உங்கள் வேலையைப் பார்த்தால் அந்த யோசனை நேர்எதிராகவே முடியும். வலை விடும்போதும் இழுக்கும்போதும் மோட்டார் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் பிளக்கின் முனை 450 டிகிரியை எட்டுவதே அரிது. அதற்குமேல் கூல் பிளக்கைப் போட்டால் ஆயிலும் கரியும் இன்னும் வேகமாகப் படியும். அப்படியென்றால் ஹாட் பிளக் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். மீன் ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது மோட்டார் முழு வேகத்தில், முழுச் சுமையோடு, தொடர்ந்து ஓடுகிறது. மோட்டார் சைக்கிளைப் போல இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இளைப்பாறும் வாய்ப்பு படகுக்கு இல்லை. கையேட்டிலேயே மெதுவோட்டத்துக்கென மாற்று பிளக் எண் கொடுத்திருந்தால் அதைப் போடலாம். இல்லையென்றால் குறித்த எண்ணையே போட்டு, நெடுநேரம் மெதுவாக ஓட்டியபின் சில நிமிடங்கள் வேகமாக ஓட்டிக் கரியை எரியவிடுங்கள்.

சூட்டு எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. என்ஜிகே, டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களில் எண் கூடக்கூட பிளக் கூல் ஆகும்: பி6ஐவிட பி8 கூல். சாம்பியனிலும் பாஷிலும் எண் கூடக்கூட ஹாட் ஆகும்: டபிள்யூ4ஐவிட டபிள்யூ7 ஹாட். நம் பக்கத்துப் பழைய கடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெங்களூரின் மைக்கோ நிறுவனம், 2008இல் பாஷ் என்று பெயர் மாறும் முன் விற்ற பிளக்குகள் சில இன்னும் அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றில் மிகப் பழையவற்றில் டபிள்யூ175, டபிள்யூ225 என்று மூன்று இலக்க எண் இருக்கும். அந்தப் பழைய முறையில் எண் கூடினால் கூல். பின்னர் வந்த ஓரிலக்க முறையில் 175 என்பது 7 ஆகவும் 225 என்பது 5 ஆகவும் மாறியது. ஒரே நிறுவனத்தின் இரண்டு காலத்து எண்களே எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. எனவே "ஏழுக்கு ஏழு" என்று ஒரு கம்பெனி எண்ணைப் பார்த்து மற்றொரு கம்பெனி பிளக்கை வாங்குவது கூடவே கூடாது. மாற்று எண் வேண்டுமானால் அந்தந்த நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

காசிமேட்டில் வாங்கியது என்பதால் ஒன்று கேட்கிறேன்: அந்த மோட்டார் முன்பு மண்ணெண்ணெயில் ஓடியதா? கடலில் தொழில் செய்வோர் பலர் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது வழக்கம். மண்ணெண்ணெய் அதிகக் கரி விடும்; அதை எரிப்பதற்காக வழக்கத்தைவிட ஒரு படி ஹாட்டான பிளக்கைப் போடுவார்கள். உங்கள் கீழ்ச் சிலிண்டரில் 6 என்ற எண் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இப்போது நீங்கள் பெட்ரோலில் ஓட்டுவதானால் பெட்ரோலுக்குரிய எண்ணுக்கே திரும்பிவிடுங்கள். விற்றவரைக் கேட்டறிய முடிந்தால், ஹெட்டிலோ கார்புரேட்டர் ஜெட்டிலோ (பெட்ரோல் அளவாகச் செல்லும் சிறு துளையிலோ) மாற்றம் ஏதேனும் செய்திருந்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கின் நடுமுனைக்கும் வளைமுனைக்கும் உள்ள இடைவெளி, அதாவது கேப், அடுத்தது. ஃப்ளைவீலுக்கு அடியில் பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியை எழுப்பும் தொடுமுனை) வைத்த பழைய மேக்னெட் என்றால் தீப்பொறி வலுக் குறைவு. ஆகவே இடைவெளி குறுகலாக, பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ.க்குள் இருக்கும். பாயிண்ட் இல்லாத மின்னணு முறையான சி.டி.ஐ. என்றால் பல மாதிரிகளில் 0.9 அல்லது 1.0 மி.மீ. வரை செல்லும். என்ஜிகே பிளக்கின் ஈற்றில் 10 என்ற எண் தனியே இருந்தால் அது 1.0 மி.மீ. இடைவெளியோடு வருகிறது என்று பொருள். பாயிண்ட் வைத்த என்ஜினில் அதை அப்படியே போட்டால் காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். டப்பாவில் வந்தபடியே மாட்டாமல் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, வளைமுனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யுங்கள். நடுமுனையையோ பீங்கானையோ நெம்பக் கூடாது. வளைமுனையே இல்லாமல் வாய் தட்டையாக இருக்கும் ஒரு வகை பிளக்கும் அவுட்போர்டு மோட்டார்களில் உண்டு. சாம்பியனின் எல்78வி, என்ஜிகேயின் பியூஎச்டபிள்யூ போன்றவை அவை. அவற்றில் இடைவெளியைத் திருத்த முடியாது, வலுவான சி.டி.ஐ. தீப்பொறிக்கென்றே செய்யப்பட்டவை, பாயிண்ட் என்ஜினுக்கு ஆகா.

இவ்வளவும் சரியாக அமைந்து, இரண்டு சிலிண்டருக்கும் ஒரே எண்ணில் புது பிளக் போட்டபின்பும் கீழ்ச் சிலிண்டர் மட்டும் நனைந்தால், குற்றம் பிளக்கில் இல்லை. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர் என்றால், பெட்ரோலும் ஆயிலும் கூடுதலாகப் போவது காரணமாயின் இரண்டு பிளக்குகளுமே கறுக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்தால் அந்தச் சிலிண்டருக்குரிய காயில், வயர், பிளக் மூடி, ரீட் வால்வு, கிராங்க் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரெஷன் கேஜ் வைத்து இரண்டையும் அளந்துவிடுங்கள். வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டினால் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அந்த நிலையில் விலையுயர்ந்த பிளக்கை வாங்கி மாட்டுவது பணத்தை ஏரியில் கொட்டுவதுதான்.

மாட்டும்போது, என்ஜின் ஆறியிருக்க வேண்டும். முழு மரையையும் கைவிரலால் திருகி ஏற்றுங்கள். பாதியில் இறுகினால் கழற்றி மீண்டும் தொடங்குங்கள். புதிய வாஷர் ஹெட்டில் உட்கார்ந்தபின் பிளக் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். பிளக்கின் தலையில் உள்ள சிறு நட்டையும் கவனியுங்கள். நம் ஊர் டூவீலர்களில் அதைக் கழற்றிவிட்டு மூடி போடுவது வழக்கம். பல அவுட்போர்டு மூடிகளுக்கோ அந்த நட்டு இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். தளர்ந்த மூடியால் தீப்பொறி விட்டுவிட்டு வருவதைப் பார்த்து பிளக்கைப் பழித்தவர்கள் ஏராளம்.

கேள்வி: இதே ஏரியில் இன்னொரு படகு எங்களுடையது. எங்கள் பிளக் கறுப்பதில்லை. மாறாகச் சுண்ணாம்பு போல வெளுத்துவிடுகிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போது இது அதிகமாகிறது. கூல் பிளக் போடலாமா? (காவேரிப்பாக்கம் வாசகர்)

பதில்: போட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் நல்ல பிளக்கின் பீங்கான் இளம் பழுப்பாக, சற்று எண்ணெய்ப் பசையோடு இருக்கும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, அல்லது பெட்ரோல் போதாமல் காற்று மிகுதியாகப் போகிறது. கோடையில் மட்டும் கூடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் முதலில் தண்ணீர் வழியைப் பாருங்கள். மட்டம் இறங்கிய ஏரியில் சேறும் ஆகாயத்தாமரை வேரும் உறிஞ்சு துளையை அடைக்கும். சேற்று மண், தண்ணீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லரைத் தேய்க்கும். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் வலுவாக வருகிறதா என்பதே முதல் சோதனை. அதன்பின் கார்புரேட்டர் ஜெட், பெட்ரோல் குழாயில் காற்றுக் கசிவு ஆகியவை. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதையும் மறக்கக் கூடாது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவிலேயே ஓடும் கார்புரேட்டரில் கலவை முன்பைவிடச் சற்று மெலிந்துபோகும். ஆயில் அளவைக் கூட்டினாலும் மெலிவு தீராது. ஆயில் கூடினால் அதே கொள்ளளவில் பெட்ரோல் குறையும் என்பதால் கலவை இன்னும் மெலியத்தான் செய்யும். பீங்கானில் வெள்ளிப் பொட்டுகள் போல அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் அன்றோடு மோட்டாரை நிறுத்திவிடுங்கள். அது பிஸ்டன் உருகத் தொடங்கியதன் அடையாளம். கூல் பிளக் இவற்றில் எதையும் சரிசெய்யாது, அடையாளத்தை மட்டும் மறைத்துவிடும்.

கேள்வி: கவுண்டன்யா ஆற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபின் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து ரப்பர் படகும் ஒரு பழைய மோட்டாரும் வாங்கிவைத்தோம். ஆண்டில் ஒருமுறை எடுத்துச் சோதிக்கும்போது பிளக் நனைந்து ஸ்டார்ட் ஆவதில்லை. ஒவ்வொரு முறையும் புது பிளக் வாங்க வேண்டுமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: புது பிளக் ஒரு ஜோடி, இடைவெளி சரிபார்த்து, காற்றுப் புகாத டப்பாவில், பிளக் ஸ்பேனரோடு சேர்த்துப் படகிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு வைத்திருக்கும் மோட்டாருக்கு அது வீண் செலவன்று. ஆனால் நனைவதற்குக் காரணம் பழைய பெட்ரோல். மாதக்கணக்கில் நின்ற கலவையில் பெட்ரோலின் எளிதில் பற்றும் பகுதி ஆவியாகி ஆயில் மிஞ்சும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எடுத்துவைக்கும்போது குழாயைக் கழற்றிவிட்டு, டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மோட்டாரை ஓட்டி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து அணையும்வரை விடுங்கள். அடுத்த முறை புதுக் கலவையோடு தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்பதை, மழைக்காலத்திலாவது மாதம் ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டால் நல்லது. தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும்போது பிளக்கின் உடல் என்ஜின் இரும்பை நன்றாகத் தொட்டிருக்கட்டும், சி.டி.ஐ. மோட்டாரில் வயரை அந்தரத்தில் விட்டுக் கயிறு இழுத்தால் மின்கருவி கெடும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கேள்வி: டூவீலர் பட்டறைகளில் மணல் பீய்ச்சி பிளக் சுத்தம் செய்கிறார்கள். படகு மோட்டார் பிளக்கையும் அப்படிச் செய்யலாமா? (ஆற்காடு வாசகர்)

பதில்: கூடாது. பீங்கானுக்கும் வெளிக் கூட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய பள்ளத்தில் மணல் துகள்கள் தங்கிவிடும். எத்தனை ஊதினாலும் சில துகள்கள் மிஞ்சும். அவை சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். அவசரத்துக்குப் பெட்ரோலில் கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, உலர்த்தி மாட்டலாம். உப்புத்தாளால் பீங்கானைத் தேய்த்தால் அதன் வழவழப்புப் போய்க் கரி இன்னும் எளிதாகப் பிடிக்கும். முனைகள் தேய்ந்து விளிம்பு உருண்டுவிட்ட பிளக்கைச் சுத்தம் செய்வதில் பயனே இல்லை. கூரிய விளிம்பிலிருந்துதான் தீப்பொறி எளிதாகத் தாவும்.

கேள்வி: பிளக் எண்ணில் ஆர் என்ற எழுத்து உள்ளதும் இல்லாததும் கிடைக்கின்றன. இரிடியம் பிளக் போடலாம் என்றும் சொல்கிறார்கள். பழைய மோட்டாருக்கு எது நல்லது? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: ஆர் என்பது உள்ளே மின்தடை இருப்பதைக் குறிக்கும், வழக்கமாக 5 கிலோ ஓம் அளவு. ரேடியோ, மின்னணுக் கருவிகள் ஆகியவற்றில் இரைச்சல் புகாமல் தடுப்பதே அதன் வேலை. கையேடு ஆர் உள்ளதைக் கேட்டால் அதையே போட வேண்டும். பாயிண்ட் வைத்த பழைய மேக்னெட்டுக்கு அது குறிக்கப்படவில்லை என்றால் தேவையில்லை. மூடியிலேயே மின்தடை இருக்கும் என்ஜினில் ஆர் பிளக்கும் சேர்ந்தால் தடை இரட்டிப்பாகும். இரிடியம் பிளக்கின் சிறப்பு, அதன் மெல்லிய முனை நெடுநாள் தேயாது என்பது. ஆனால் ஆயில் கலந்து ஓடும் பழைய டூ-ஸ்ட்ரோக்கில் பிளக் தேய்ந்து சாவதற்கு முன்பே கரி பிடித்துச் செத்துவிடுகிறது. அந்த ஒரு பிளக்கின் விலையில் சாதாரண பிளக் சில வாங்கி, இரண்டை மாட்டி மற்றவற்றைப் படகில் வைத்துக்கொள்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்; அவற்றையும் பெயர் தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குங்கள், ஏனெனில் சந்தையில் போலி பிளக்குகள் மலிந்திருக்கின்றன. எழுத்து மங்கலாகப் பொறித்ததும், மரை சொரசொரப்பாக இருப்பதும், வாஷர் கையோடு கழன்று வருவதும் கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.